மழை மாதத்தில் எடுத்த படம்

இன்று காலை தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடைகளைத் தாண்டும்போது அந்த வாடை குப்பென்று அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற இடத்தில் நீ நின்று மூச்சை இழுத்துவிடுவாய். "இதான் லா என் ஃபீல்டு வாடை" என்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதே இடத்தில் நானும் நின்றேன். பின்னால் வந்த பெண் தன் தள்ளுகூடையால் என் காலில் இடித்தாள், ஸாரி கூடச் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபத்தை எல்லாம் வியாழக்கிழமையே செலவழித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜூரோங் ஆபீஸில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். நீ ஊர் ஊராகப் போய் நிலத்தைப் பார்த்து வருவாய், நான் உன் அறிக்கையைத் திருத்துவேன். கடைசியாக நீ போனது கடல் தாண்டி, எங்கோ எல்லையோரத்து வறண்ட மாவட்டம். மழை பொய்த்துக்கொண்டே வருகிற ஊர். சோளம் விதைக்கிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் ஏற்கெனவே ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கி தூக்கி ஓய்ந்திருந்த இடம். அங்கே ஆழ்கிணறு தோண்டி, சூரிய சக்தி பம்பு வைத்து, சுற்றி வேலி போட்டுப் பயிர் செய்ய வைப்பது நம் கம்பெனியின் திட்டம். செயற்கைக்கோள் படத்தில் ஆற்றங்கரை காலியாகத் தெரிந்தது. வேலிக்குத் தோதான இடம் என்று இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடியே கோடு போட்டார்கள்.

நீ திரும்பி வந்த அன்றே படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"அறிவு இருக்கா இவங்களுக்கு? இது மழை மாசத்துல எடுத்த படம். அப்ப மாட்டுக்காரங்க மலைப்பக்கம் போயிருப்பாங்க. வெயில் காலத்துல வந்து பாரு, அந்தக் கரையில கால் வைக்க இடம் இருக்காது லா."

விதைக்கிறவர்கள் ஆற்றுக்குப் போகிற ஒரு நிலப்பட்டையை மட்டும் உழாமல் விட்டுவிடுவார்களாம். மாடுகள் அந்த வழியாக இறங்கித் தண்ணீர் குடிக்கும். பதிலுக்கு, அறுத்த வயலில் மாடுகளை நிறுத்திச் சாணி போட விடுவார்கள். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. சண்டை நடந்த வருஷங்களில்கூட அந்தப் பட்டையில் யாரும் விதைத்ததில்லை என்று நீ எழுதியிருந்தாய். இதை வேலி போட்டு அடைத்தால் கொலை விழும் என்றும் எழுதியிருந்தாய். ஒரே ஒரு பத்தி.

நீ மறுபடி ஃபீல்டுக்குப் போயிருந்த வாரம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "கொலை கிலைன்னு இருந்தா பணம் போடுறவங்க பயந்துடுவாங்கம்மா. எடுத்துடு. அவகிட்ட நான் பேசிக்கிறேன்." கோப்பின் ஓரத்திலும் அதையே குறித்து அனுப்பினார். எடுத்துவிட்டேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

அச்சாகி வந்ததை நீ பார்த்தது சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில். புரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "யாருடி எடுத்தா?" என்றாய். "சார்தான்" என்றேன். முழுப் பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

வெயில் காலம் வந்தது. மாடுகள் வந்தன. வேலி இருந்தது. நீ எழுதிய மாதிரியே நடந்தது. செத்தவர்களில் உனக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரரும் ஒருவர். விசாரணையில், களத்துக்குப் போன அதிகாரி எச்சரிக்கவே இல்லை என்று இயக்குநர், அந்த ஆள், நாக்கூசாமல் சொன்னார். கோடு போட்டது யாராக இருந்தாலும், வரைபடத்தின் மூலையில் களம் பார்த்தவள் என்று உன் பெயர்தானே இருந்தது! நீ என்னிடம் பழைய பிரதியைக் கேட்டாய். திருத்தக் குறிப்புகளோடு இருந்த அந்தக் கோப்பு என் கணினியில் மட்டும்தான் இருந்தது. "தேடிப் பாக்குறேன்" என்றேன். நீ மூன்று முறை கேட்டாய். அப்புறம் கேட்கவில்லை.

வேலையை விட்டு, புக்கிட் மேரா வீட்டிலேயே அடைந்து கிடந்தாய். ஒரு வருஷத்துக்குள் மாரடைப்பு. மண்டாயில் உன்னை எரிக்கக் கொண்டுபோன அன்று அந்த ஆள் வெள்ளைச் சட்டையோடு வந்து, "நல்ல பொண்ணு, கொஞ்சம் அவசரப்பட்டுட்டா" என்று பேசினார். உன் தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா போட்ட மேப்பாலதான் அந்த ஆளுங்க செத்தாங்களா? உண்மையாக்கா?" நான் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை புதுத் திட்டத்துக்கு முதல் கூட்டம். வேறு மாவட்டம், அதே மாதிரி ஆற்றங்கரை, அதே மாதிரி மழை மாதத்துப் படம். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "காலி நிலம், பிரச்சினையே இல்லை" என்றார். என் முறை வந்தபோது உன் பழைய பிரதியைத் திரையில் போட்டேன். உன் பத்தி. ஓரத்தில் அவர் பெயரில் அவர் போட்ட குறிப்பு: இதை எடுத்துவிடு. அவர் முகம் வெளிறிப்போவதை நன்றாக, அவசரப்படாமல் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்க்கக் காத்திருந்த முகம் அது. பார்க்கப் பார்க்க இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பணம் போடுகிறவர்களின் பக்கமிருந்த அம்மாள் கேட்டார்: "எடுத்தது யார்?" அந்த ஆள் என்னைக் கைகாட்டினார். "ஆமாம், நான்தான்" என்றேன். திட்டம் நின்றது. வெளியே வந்ததும், "உன் வேலையும் போச்சு, தெரியுதா?" என்று உறுமினார். "தெரிஞ்சுதான் சார் வந்தேன்."

அன்று மாலையே உன் தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்த கை என்னுடையது என்பதையும், நீ கேட்டபோது கொடுக்காததையும். கதவைப் பிடித்தபடியே கேட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அக்கா கடைசி வரைக்கும் உங்களத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ஆபீஸ்ல எனக்குன்னு ஒருத்திதான் இருக்கான்னு."

கதவைச் சாத்திக்கொண்டான்.

உன் பழியைப் பாதிதான் தீர்த்திருக்கிறேன். மீதிக்கு ஆள் தேடி நான் எங்கும் அலைய வேண்டியதில்லை.