சேர்ந்து விற்பதாக இருந்த பங்கு

பாய்,

முந்தாநாள் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. இங்கே கணபதியிலேயே ஒரு கடையில் கொடுத்துக் காயில் கட்டி வாங்கிவந்தேன். நேற்று மாட்டி சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, சூடேறிய வார்னிஷ் வாசனை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. "ஜன்னலைத் தொறந்து உடுங்க, தலை வலிக்குது" என்றாள் என் மனைவி. நான் திறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் சட்டையில் இருபது வருடம் இருந்த வாசனை அல்லவா அது.

நேற்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பித்த பிறகே இரண்டு முறை எழுந்து போய்க் கைபேசியில் அந்தப் பம்பு கம்பெனியின் பங்கு விலையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏறினால் வயிறு எரிகிறது, இறங்கினால் நெஞ்சு படபடக்கிறது. இதில் கூத்து என்னவென்றால், அந்தக் கம்பெனியின் ஒரு பங்குகூட என்னிடம் இல்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாட்களிலிருந்தே இல்லை. உங்களுக்கு அது தெரியாது. தெரியாமலே போய்ச்சேர்ந்துவிட்டீர்கள்.

நாம் பழகியதே பேப்பரில் வரும் பங்குப் பக்கத்தால்தான். நான் மில் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மில்லில் எரிந்துபோகிற மோட்டார்கள் காயில் கட்ட உக்கடத்தில் உங்கள் கடைக்குத்தான் வரும். பில்லுக்கு வந்த நீங்கள் என் மேசைமேல் விரித்துக் கிடந்த பேப்பரை எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏனுங் சார், இதையெல்லாம் படிச்சா வெளங்குமுங்களா?"

"எனக்கே வெளங்கறதில்லைங்க பாய்."

"அப்பறம் எதை வச்சு வாங்கறீங்க?"

"டிவில சொல்றாங்க."

தோள் குலுங்கச் சிரித்தீர்கள். "டிவிக்காரனுக்கு மோட்டாரைப் பத்தி என்னங்க தெரியும்? எங்கிட்ட கேளுங்க. எந்தக் கம்பெனி மோட்டாரு என்ற கடைக்கு வரவே மாட்டீங்குதோ, அவன் நல்லா செய்யறான்னு அர்த்தம். என்ற பொழப்பைக் கெடுக்கறவன் ஷேரை வாங்குங்க சார்."

அப்படி வாங்கியதுதான் அந்தப் பம்பு கம்பெனி. ஒரே திங்கட்கிழமை, ஒரே விலையில், இருவரும் ஒரே எண்ணிக்கையில் வாங்கினோம். அதற்கு முன்பு ஆண்டறிக்கை என்று ஒன்று இருப்பதையே நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் அதைப் படித்ததில்லை. கடையின் மூலையில் குவிந்து கிடந்த மோட்டார்களில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

வட்டி வாங்கும் கம்பெனி எதையும் நீங்கள் தொடமாட்டீர்கள். பேங்கு பங்குகள் ஏறு ஏறு என்று ஏறியபோதும் அசையவில்லை. நான் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதைப் பார்த்து, "அதுல எல்லாத்தையும் போட்டுக் கலக்கிப்போடறாங்க சார், நமக்கு ஆகாதது உள்ள கெடந்தாலும் தெரியாது" என்பீர்கள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஏறினால் சரி என்கிற ஜாதி நான். என் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று ஒரு ஃபண்டு, பெயர் நன்றாக இருக்கிறதென்று ஒன்று, இறங்கியதும் பயந்து பாதியில் நிறுத்தியவை நான்கைந்து.

நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தீர்கள். வாங்குவது அவரவர் இஷ்டம், விற்பதானால் இருவரும் சேர்ந்து விற்க வேண்டும். கடைக்குப் பக்கத்து பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்து, டீ குடித்து முடித்த பிறகு, இருவரும் கைபேசியை மேசைமேல் வைத்து, ஒருவர் அழுத்துவதை மற்றவர் பார்க்க அழுத்த வேண்டும். "தனியா உக்காந்து விக்கறவன் பயந்துக்கிட்டு விப்பானுங்க. கூட ஒரு ஆளு இருந்தா கொஞ்சம் யோசிப்பான்" என்று சொன்னீர்கள். அப்படி மூன்று நான்கு பங்குகளை விற்றும் இருக்கிறோம். ஒருமுறை நஷ்டத்தில் விற்றோம். அன்றைக்கு நீங்கள் எனக்கும் சேர்த்துத் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தீர்கள்.

பிறகு ஊரடங்கு வந்தது. பேக்கரி மூடிக் கிடந்தது, உங்கள் கடையும் மூடிக் கிடந்தது. சந்தை தினம் தினம் சரிந்தது. ஒரு நாள் காலையில் நீங்கள் போன் செய்தீர்கள்.

"என்னங்க சார் பண்றது? ஊட்ல எல்லாரும் வித்துப்போடுங்கன்னு சத்தம் போடறாங்க."

"ஒண்ணும் பண்ணாதீங்க பாய். நானும் வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த நேரத்தில் அது உண்மைதான். சத்தியமாக உண்மை. மத்தியானம் வரைக்கும் உண்மையாகவே இருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது இன்னும் இறங்கியிருந்தது. மில் திறக்குமா, சம்பளம் வருமா என்று தெரியாது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கை கழுவிய ஈரத்தோடு சமையலறையில் நின்றபடியே மொத்தத்தையும் விற்றுவிட்டேன். நீங்கள் சொன்ன அதே ஆள்தான் நான், தனியாக, பயந்துகொண்டு.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டு கூப்பிட்டு, "சார் வச்சிருக்காருன்னு ஊட்ல சொன்னேனுங்க, அப்பறம் ஒருத்தரும் வாயே தொறக்கலை" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? விலை இன்னும் இறங்கட்டும், சத்தமில்லாமல் வாங்கிப் பழையபடி ஆகிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கவில்லை, ஏறியது. நான் விற்ற விலைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. இரண்டு மடங்கானது, நான்கு மடங்கானது. ஒவ்வொரு முறையும் வாங்குகிற பொத்தான் வரைக்கும் விரல் போகும். போன வாரம் இதைவிடக் குறைவாக இருந்ததே என்று திரும்பி வரும். என்னைப்போல நான்கு காசு போடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம் போலிருக்கிறது.

என் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினேன். வேறு வழியில்லாமல் வாங்கியது அது. நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் தெரியுமா? பந்தியில் என் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க சாரு கடன் வாங்குனாலும் வாங்குவாரே தவிர ஷேரை விக்க மாட்டாருங்க. மனுசனுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!" என்று நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள். ரசம் பரிமாறிக்கொண்டிருந்த நான் வாளியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டேன். நீங்கள் என்னைப் புகழ்ந்ததைக் கேட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும்.

இவ்வளவும் போகட்டும். ஹஜ் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வேண்டுமே என்றுதான் நேற்றிலிருந்து வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள் திருமணம் முடிந்த வருடம், பேக்கரியில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்டீர்கள். "இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேனுங் சார். கடமை எல்லாம் ஓரளவுக்கு முடிஞ்சுது. நம்ம பம்பு ஷேரை வித்துப்போடலாமுங்களா?"

விற்பதென்றால் இருவரும் மேசைமேல் கைபேசியை வைக்க வேண்டும். நான், "இன்னும் ஒரு காலாண்டு ரிசல்ட் பாத்துட்டு விக்கலாம் பாய், ஏறும்" என்றேன். உங்கள் நன்மையை யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. என் கைபேசியை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

"சரிங்க. நீங்க சொன்னாச் சரி" என்று டீயைக் குடித்தீர்கள்.

அடுத்த வருடமும் கேட்டீர்கள். அப்போதும் அதையே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது பாய். பங்கு ஏறத்தான் செய்தது, அதனால் என் பேச்சுக்கு மதிப்பும் கூடியது. மூன்றாவது முறை கேட்பதற்குள், ஒரு மழைநாள் காலையில், கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உங்கள் உயிர் இருக்கவில்லை.

கணவனை இழந்தவர் இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவி வெளியாட்களைப் பார்க்கவில்லை. உங்கள் மகள்தான் போனில் பேசினாள். "மாமா, அத்தா கணக்குல இருந்த ஷேரெல்லாம் அம்மா பேருக்கு மாத்தியாச்சுங்க. அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்தப் பம்பு ஷேரைச் சாரு விக்கறப்பதான் நாமளும் விக்கோணும், அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு அத்தா சொல்லி வச்சிருக்காருங்களாம். நீங்க வித்தாச்சுங்களா மாமா?"

"சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

சரியாக அந்த மாதம்தான் அது இறங்கத் தொடங்கியது. நல்ல இறக்கம். நான் சொல்வேன் என்று அங்கே காத்திருக்கிறார்கள், இங்கே நான் தினமும் சந்தை திறக்கிற ஒன்பதே காலுக்கு விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. பத்துப் பங்கு வாங்குவது, மறுநாள் விற்பது, "நான் இன்னைக்கு விக்கறேன், நீங்களும் வித்துடுங்க" என்று சொல்லிவிடுவது. பொய்யும் ஆகாது, மானமும் போகாது. எண்ணிக்கையைக்கூடத் தட்டிவிட்டேன். பின்னாலிருந்து என் மனைவி பார்த்துவிட்டாள்.

"உசுரோட இருக்கறப்பதான் அந்த மனுசனை ஏமாத்துனீங்க. இன்னும் உட மாட்டீங்களா?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இத்தா முடிந்த வாரமே உங்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மகளும் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "அவரு பேருல ஹஜ் செய்யோணும்ங்ண்ணா. என்ற தம்பி ஏற்கெனவே போயிட்டு வந்தவன். அவருக்காக இன்னொருக்கா போறேன்னு சொல்லியிருக்கான். அதுக்குத்தான் அந்த ஷேரு. நீங்க விக்காம நாங்க எப்படி விக்கறதுங்ண்ணா?"

சொல்லிவிட்டேன் பாய். சமையலறையில் நின்று விற்றதிலிருந்து, இரண்டு வருடமும் ஏன் தள்ளிப்போட்டேன் என்பது வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னேன். உங்கள் மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். தங்கச்சி உள்ளே போனார். திட்டப் போகிறார், திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உங்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். புரட்டினேன். ஒரு பக்கத்தில்கூட ஒரு முத்திரை இல்லை.

"இதை எடுத்து எடுத்துப் பாப்பாருங்ண்ணா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். "வித்துப்போடு கண்ணு." அவள் என்னைப் பார்க்காமலே கைபேசியில் அழுத்தினாள். உச்சத்திலிருந்து பாதிக்கு வந்திருந்தது விலை. ஆனாலும் போய்வரப் போதுமானது இருந்தது. நான் எழுந்தபோது தங்கச்சி, "டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்றார். குடித்தேன்.

இனிமேல் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை தங்கச்சியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் கிளம்புகிறாராம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பழகினவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, தங்கச்சி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"மச்சான் பேருல போறேனுங் சார். அவருக்கு ரொம்ப நெருக்கமானவரு நீங்கதான்னு அக்கா சொன்னாங்க. பழக்கவழக்கத்துல, குடுக்கல் வாங்கல்ல, அவரு தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா, அவருக்காக நான் கேட்டுக்கறேன். மனசார மன்னிச்சுப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கதவோரம் நின்றிருந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் அவரிடமும் கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊருக்குக் கிளம்புகிற மனிதர் தலையில் என் பாரத்தை ஏன் ஏற்ற வேண்டும்? அவரானால் கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாசலில் அவர் வந்த ஆட்டோ காத்திருக்கிறது, இன்னும் எத்தனை வீட்டுக்குப் போக வேண்டுமோ.

"மன்னிச்சுட்டேனுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, என் கையை நெஞ்சில் ஒற்றிக்கொண்டு கிளம்பிப் போனார். இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருப்பார்.

நீங்கள் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை பாய். உங்களை மன்னித்தவன் என்ற பேரோடு நான் இங்கே இருக்கிறேன்.