முற்றத்தில் மூட்டிய நெருப்பு

மச்சாள்,

இன்று விடிய உன் காணிப் பக்கமிருந்து குப்பை எரியும் மணம் வந்தது. பலாச்சருகும் தென்னோலையும் எரிகிற, ஊரில் எல்லாருக்கும் பழகிப்போன மணம்தான். ஆனால் நான் செருப்பையும் தேடாமல் ஓடினேன்.

உன் மகள் ஈர்க்குமாற்றோடு நின்றாள். புதுக்குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவள், போன மாதம்தான் புருசனோடு உன் காணிக்குத் திரும்பி, சின்னதாக ஒரு வீடு போட்டிருக்கிறாள். வாளித் தண்ணீரை நெருப்பில் கொட்டிவிட்டு, "விசரே உனக்கு? கொம்மாவுக்கு நடந்ததை மறந்திட்டியே?" என்று கத்தினேன். கத்தியது அவளிடம், கோபமெல்லாம் உன்மேல். இத்தனை வருசமாகியும் அது ஆறவில்லை.

கடைசி யுத்தத்தில் என் அண்ணனைப் பறிகொடுத்த பிறகு, பிள்ளையை வளர்க்க நீ கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போனாய். "வெய்யிலுக்குள்ள முழங்காலில நிண்டு மண்ணைச் சுரண்டுறது, உன்ரை அண்ணரோடை குடும்பம் நடத்தினதை விடச் சுகம்" என்று சொல்லிச் சிரிப்பாய். சிரித்து முடிய அழுவாய். ஊரார் காணிகளில் வெடிக்காத எறிகணைகளை எடுத்துவிட்டுப் பின்னேரம் முழுசாக வீடு திரும்புவாய். எங்களையும் விடமாட்டாய். "காணி துப்புரவு எண்டு தந்தாலும் ஆழத்தில கிடக்கிறது ஆருக்குத் தெரியும்? வெறும் மண்ணில நெருப்பு வையாதேங்கோ" என்று வீடு வீடாகச் சொன்னவள் நீ. உன் வீட்டுக் குப்பையைக் கிணற்றடிச் சீமெந்தில் போட்டுத்தான் கொளுத்துவாய்.

அன்றைக்கு அந்தச் சீமெந்து முழுக்கக் கிடாரங்கள். பெரியபிள்ளையாகிவிட்ட உன் மகளின் சாமத்தியவீட்டுச் சமையலுக்கு இரவல் வாங்கி, கழுவிக் கவிழ்த்திருந்தோம். பந்தல்காரர் வரும் நேரம். நீ முற்றத்தைக் கூட்டி, சருகைப் பலாமரத்தடியில் குவித்து, நெருப்புப்பெட்டியை எடுத்தாய். குசினியில் பயற்றம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த நான் எட்டிப்பார்த்து, "அதிலயே கொளுத்தப் போறாய்?" என்றேன்.

"ஓமடி, இண்டைக்கு ஒருநாள்தானே."

வெடித்த சத்தத்தில் கிடாரங்கள் உருண்டன. நான் வெளியே வந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகு உன்னோடு வேலை செய்த பெண்களே வந்து உன் முற்றத்தில் முழங்காலில் நின்றார்கள். முகக்கவசத்துக்குள் கண்ணீர் ஓட, துடைக்கவும் முடியாமல் மண்ணைச் சுரண்டினார்கள். பலாமரத்து வேருக்குக் கீழே இன்னுமொன்று கிடந்தது. அதை எடுத்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்றார்கள். பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

நனைந்த சாம்பலைப் பார்த்தபடி நின்ற உன் மகள் மெல்ல வாய் திறந்தாள்.

"நெருப்பை விடுங்கோ மாமி, இனி வைக்கமாட்டன்." கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பிள்ளை பிறந்தா இந்த முத்தத்திலதானே தவழும். இறக்கி விடலாமோ, மாமி?"

ஓம் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? இல்லையென்றால் அவள் எங்கே போவாள்? அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு துண்டுக் காணிதான். நீ இருந்திருந்தால் கருவியை எடுத்து வந்து அங்குலம் அங்குலமாகத் தேடிப்பார்த்து ஒரு பதில் சொல்லியிருப்பாய். எனக்கு என்ன தெரியும்? அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்து முடித்துவிட்டாள். இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மச்சாள்.