செவிலி கொற்றியின் முடிச்சுக் கயிறு குறித்த ஆணை

மழை தன் மாதத்தில் இறங்குக. ஏரிக்கரை உடையாது நிற்க. ஏழு குன்றும் மூன்று ஆறும் உடைய நீர்மலை நாட்டை ஆளும் வெண்கோட்டுப் பெருந்தேவியார் திருவுள்ளப்படி எழுதும் ஓலை. எல்லைப் போரில் இடத்தோளில் அம்பு தாங்கியவரும், தழையூர்க் கோட்டத்தின் தலைவருமாகிய குறும்பொறையரையர் காண்க. உம் மாடும் மனையும் மக்களும், நீர் ஆசையோடு வளர்க்கும் விலங்குகளும் நலமாயிருக்க. அந்த விலங்குகளைப் பற்றியதே இவ்வோலை.

உம் வீட்டுச் செவிலி கொற்றி, நீர் குடும்பத்தோடு குளிர்மலை மாளிகையில் தங்கிய நாற்பது நாளும் பொய் முடிச்சு இட்டாள் என்றும், உம் இளைய மகளின் மான்குட்டியைச் சாகவிட்டாள் என்றும், ஆகவே செவிலியர் ஏட்டிலிருந்து அவள் பெயரைச் சுரண்டிவிட முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். பெயர் சுரண்டப்பட்டவள் கையில் இந்நாட்டில் எவரும் பிள்ளையைத் தர மாட்டார். கொற்றிக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகளும் உண்டு. முத்திரை இடுமுன் தேவியார் அந்தக் கயிறு எங்கே என்று கேட்டார். உம் ஓலையோடு கயிறு வரவில்லை. உம் பண்டகசாலைக்காரன் சேந்தன் அவள் முகத்தில் விட்டெறிந்த அக்கயிற்றைக் கொற்றியே இடுப்பில் சுற்றிக்கொண்டு, மூன்று நாள் நடந்து, சபைக்குக் கொண்டுவந்தாள்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுக என்பது தேவியார் கட்டளை. ஆகவே சொற்கள் திருத்தப்படவில்லை. அரையர் முகம் சுளிக்கக்கூடும், சுளித்துக்கொண்டே படிக்கலாம்.

செவிலியர் வழக்கம் நீர் அறிந்ததே. பிள்ளையைக் குளிப்பாட்டிய நாளுக்குக் கயிற்றில் ஒரு முடிச்சு. மாத முடிவில் பண்டகசாலைக்காரன் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, அவிழ்த்ததற்கு இரண்டு நாழி அரிசி அளப்பான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்குக் கயிறே சாட்சி. பல்லக்குகள் புறப்பட்ட காலையில் உம் இல்லத்தரசியார் கொற்றியை அழைத்து, "பிள்ளைங்க இல்லாத வீட்ல உனக்கென்னடி வேலை, சும்மாதானே கெடக்கப்போற. இதுகளையும் ஒரு கண்ணு பாத்துக்க" என்றாராம்.

இதுகள் என்றால் இரண்டு வேட்டைநாய், ஒரு கீரி, ஒரு மைனா, தாயிழந்த ஒரு மான்குட்டி. மான்குட்டிக்கு நாளைக்கு ஐந்து வேளை ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்துப் புகட்ட வேண்டும். நாய்களுக்கு உண்ணி பிடுங்கிக் குளிப்பாட்ட வேண்டும். மைனாவோ உம் இளைய மகளின் குரலிலேயே "கொற்றி, தண்ணி" என்று நாள் முழுதும் கூப்பிடும். முதல் பத்து நாள் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாளாம். பிறகு எழுவதில்லை, ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம்.

முதல் நாள் நாய்களைக் குளிப்பாட்டிக் கை துடைத்தபோது, பழக்கத்தில் கை இடுப்புக்குப் போய் முடிச்சு இட்டுவிட்டது. இரண்டாம் நாள் யோசித்துத்தான் இட்டாள். இதைச் சபையில் அவள் மறைக்கவில்லை. "குளிப்பாட்டுன கைக்குத்தானே கூலி. யாரக் குளிப்பாட்டுனேன்னா கூலி?" என்றாள். இதையே அவள் உம் பண்டகசாலையில் கேட்டபோது, "நாயக் கழுவிட்டுப் புள்ளக்கூலி கேக்குற. நாளைக்கு நாய்க்குத் தொட்டிலும் கேப்ப போலிருக்கே" என்று சேந்தன் சிரித்தானாம். அங்கிருந்தவர்களும் சிரித்தார்களாம்.

இனி மான்குட்டி. இருபத்திரண்டாம் நாள் இரவு, பக்கத்து ஊரில் தன் தங்கையிடம் விட்டிருந்த மகள் தும்பிக்குக் காய்ச்சல் என்று கொற்றிக்குச் செய்தி வந்தது. மாற்றுக்கு ஆள் தரும்படி சேந்தனைக் கேட்டாள். விலங்குகளை விட்டு நகர்ந்தால் வேலை போகும் என்றான் அவன். அதற்கு முந்தைய வாரம் ஒரு நாயின் காலில் முள் ஏறியபோது, இரண்டு காதம் தள்ளியிருந்து வைத்தியர் மாட்டுவண்டியில் வந்து போயிருந்தார். "நாய்க்கு வைத்தியரே வந்தாரு. என் மகளுக்கு நான்கூடப் போகக்கூடாதான்னு கேட்டேன்" என்றாள் கொற்றி. மறுநாள் விடியற்காலையில் பால் புகட்டிவிட்டு, கொட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பொழுது சாயத் திரும்பினாள். எவரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். தோட்டத்து அரளியை மேய்ந்து மான்குட்டி வாயில் நுரையோடு கிடந்தது.

கதவைத் திறந்தவர் யார் என்று நீர் விசாரித்ததாக உம் ஓலையில் ஒரு வரியும் இல்லை. மான் இறந்தது உண்மை. அதற்குக் கொற்றி சபையிலும் அழுதாள். "அஞ்சு வேள மடியில வச்சுக் குடுத்தேன், எனக்கு மட்டும் வலிக்காதா" என்றாள்.

பிறகு தேவியார் கயிற்றை வாங்கித் தம் விரலாலேயே முடிச்சுகளை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பதே. இருபத்திரண்டாம் முடிச்சுக்கு அப்பால் ஒரு விரல் அகலம் கயிறு வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அன்னைக்கு நான் யாரையும் குளிப்பாட்டல. என் பொண்ணுக்குத் தல தொடச்சுவிட்டேன். அது என் கணக்கு" என்றாள்.

அரையரே, பொய் முடிச்சு இடுகிறவள் அந்த ஒரு நாளை ஏன் விட வேண்டும்? கயிற்றை எறிந்தவன் எண்ணவில்லை. எண்ணாமலே நாற்பது என்று நீர் தீர்ப்பு எழுதினீர். ஒருவர் எண்ணியிருந்தால் இவள் மூன்று நாள் நடந்திருக்க வேண்டாம்.

இதை உமக்கு மட்டும் சொல்லவில்லை. தேவியார் ஆண்டுதோறும் கடலாடப் போகும்போது அரண்மனை மயில்களையும் முயல்களையும் பார்த்துக்கொண்டவர்கள் இங்குள்ள செவிலியரே. அவர்களுக்கு என்ன அளக்கப்பட்டது என்று தேவியார் சபையிலேயே கேட்டார். ஒன்றும் இல்லை என்றார்கள். இருபது ஆண்டாக ஒன்றும் இல்லை. அன்று தேவியார் உணவு கொள்ளவில்லை.

ஆகவே இவ்வாணை அரண்மனைக்கும் சேர்த்தே. குடும்பம் வெளியூர் போன நாளில் வீட்டு விலங்குகளைக் காக்கும் செவிலிக்குப் பிள்ளைக்குரிய இரண்டு நாழியே கூலி. கையால் பால் புகட்டும் குட்டி இருந்தால் மேலும் அரை நாழி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. அவள் பிள்ளைக்கு நோய் என்றால் அந்தக் கணமே அவள் போகலாம். மாற்று ஆள் தேடுவது வீட்டாரின் வேலை, அவள் வேலையன்று. இது கட்டுபடியாகாது என்பவர் விலங்குகளைத் தம்மோடு அழைத்துப் போகலாம், பல்லக்கில் இடமுண்டு.

கொற்றியின் பெயர் ஏட்டில் இருக்கும். அவள் மான்குட்டியைக் கொன்றாள் என்று உம் இளைய மகளிடம் சொல்லி வைத்திருக்கிறீர். அதை நீரே அந்தக் குழந்தையிடம் மறுத்துச் சொல்ல வேண்டும். சபையில் கொற்றி கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். கூலியைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்டாள். உம் வீட்டுக்குத் திரும்புவாளா என்று கேட்டதற்கு, "பிள்ளை கூப்பிட்டா வருவேன்" என்றாள். ஆகவே அவளை அழைக்கும் உரிமை உமக்கும் உம் இல்லத்தரசியாருக்கும் இல்லை.

இவ்வோலையைச் சுற்றிக் கட்டி வந்தது அவள் கயிறே. அறுக்காமல் உருவியிருப்பீர் என்று கொள்கிறோம். முப்பத்தொன்பது முடிச்சையும் சேந்தன் கை படாமல், பண்டகசாலை முற்றத்தில், அன்று சிரித்தவர்கள் பார்க்க, உம் விரலால் அவிழ்த்து அளக்க. பால் புகட்டிய இருபத்திரண்டு நாளுக்கு அரை நாழியும் சேர்க்க. செவிலியர் முடிச்சு இறுகியிருக்கும், நகம் வலிக்கும். வெறுங்கயிறு சபைக்கு வந்து சேரும் நாள்வரை உம் வாசலில் எம் ஆள் இருப்பான்.

பெருந்தேவியார் ஆணை. எழுதியவள் ஓடக்காரன் மகள், ஓலைநாயகி எயிற்றி. அரக்கில் இட்டது நாவல்மர முத்திரை. குன்று நிற்கும் அளவும் இச்சொல் நிற்க.