நான் ஓடினேன், அவருக்குக் கால் வலி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா? நான் நலம். வயிறுதான் எரிகிறது, சாப்பாட்டால் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம். பதிவு முடிந்துவிட்டதால் எனக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மா தன் பெயரில் பதிந்திருந்த பந்தய எண் அட்டையை நீட்டி, "இந்தக் குளிர்ல என்னால ஆகாது, நீ ஓடு" என்றார். பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரட்டைக் காலுறை, ஓட்டைக் கையுறை, மரத்துப்போன மூக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தேன், அப்பா! முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மைக்கில் யார் பெயரையோ சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். அது அவர் பெயர்.

எனக்குப் போட்ட பதக்கத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதோடு விட்டாரா? திங்கட்கிழமை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். எல்லார் முன்னாலும் என்னிடமே, "காலெல்லாம் விண்ணு விண்ணுன்னு வலிக்குது, ஒரு டீ கொண்டு வாம்மா" என்கிறார்! கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதப் பந்தயத்துக்கு என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். ஒரு ஜோடி கம்பளிக் கையுறை அனுப்புங்கள். ஜாக்கெட்டுக்கு மேல் போடும்படி தொளதொளவென்று ஒரு சட்டையும் வேண்டும். அதில் நெஞ்சுப் பக்கம் என் பெயரைப் பெரிதாகத் தைக்கச் சொல்லுங்கள் அம்மாவை. வழியில் நிற்பவர்கள் படித்துவிட்டுக் கூப்பிடட்டும். எட்டு மாதமாக இங்கே எல்லாருக்கும் நான் 'ஏம்மா'தான்.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்