ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்

விக்கிரமசிங்கபுரம்
20-1-1996

என் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது.

எழுதி முடித்து உன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். நீ இல்லாத இரண்டாவது பொங்கலும் வந்துபோய்விட்டது. அப்பாவுக்கு மில்லில் இப்போது பகல் ஷிப்டு.

ஏரலில் உன் அக்காள் பிரேமலதாவுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோக உடன்பிறந்தவன் இல்லையே. கரும்பையும் பனங்கிழங்கையும் சுமந்துகொண்டு நானே போனேன். கதவைத் திறந்தவளுக்கு ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. நிலையில் இடித்துக்கொண்டாள் என்று மாமியார்க்காரி சொன்னாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. படியை இறக்கி வைத்துவிட்டு, வாடி, போவோம் என்று அவளைக் கூப்பிட்டேன். மாற்றுச்சேலைகூட எடுக்காமல் வந்தாள்.

அப்பா குதித்தார். கரையேத்தின பிள்ளைய எவளாவது திருப்பிக் கூட்டிட்டு வருவாளா, புறப்பட்ட இடத்துலயே வந்து நிக்கோமே என்றார்.

பாலிடெக்னிக் விட்டு வந்ததும் தரையில் புளியங்கொட்டை வைத்துக் காட்டுவாயே, புலி, ஆடு, புல்லுக்கட்டு. மூன்றையும் அக்கரை சேர்க்கணும், தோணியில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். அப்புறம் இரண்டு ஆடு என்பாய், ஆற்று நடுவில் திட்டு என்பாய். எப்படி மாற்றிப் போட்டாலும் வழி ஒண்ணுதாம்மா, அடுத்து என்னென்ன செய்யலாமோ அம்புட்டையும் பாரு, ஆபத்தானத கோடு போட்டு அடி, முன்னால வந்த நிலையே திரும்ப வந்தா அதையும் அடி, கம்ப்யூட்டருக்கும் இதத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன் என்பாய்.

ஆட்டைத் திருப்பிக் கொண்டுவர மட்டும் எனக்கு மனசு வராது. கொண்டுபோனத எதுக்குலே கொண்டாரணும், பழைய இடந்தான என்று மல்லுக்கு நிற்பேன். நீ சிரிப்பாய். பழைய இடம் இல்லம்மா, புலி இப்பம் அக்கரையிலல்லா நிக்கு என்பாய்.

அதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். புலி ஏரல்ல கிடக்கு, பிள்ள இங்கன நிக்கா, இதுவா புறப்பட்ட இடம் என்று கேட்டேன். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாளைக்குக் காந்திமதிநாதன் அண்ணாச்சி மாப்பிள்ளை வீட்டுக்காகச் சமாதானம் பேச வருகிறாராம். வரட்டும். காப்பி கொடுப்பேன், பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.

அக்காளுக்குத் துணையாக இரு, மக்கா. உன் கணக்கில் கடைசியாக ஆட்டை மறுபடியும் அக்கரைக்கு ஏற்ற வேண்டும். அது எனக்கு ஒப்பவில்லை. உன்னைப் பெற்ற இசக்கியம்மா கேட்கிறேன்: ஆடு இக்கரையிலேயே இருக்கட்டும் என்று மாற்றிப் போட்டால், அந்தக் கணக்குக்கு வழி என்னலே?