ஊடேறாப் பூ

டிசம்பர் 5, 1937. ஞாயிறு
பனி. பத்து மணி வரை எதிர்ச்சரிவு தெரியவில்லை. செடி அழுத்தும் தாள்கள் எல்லாம் ஈரம். அடுப்பருகே விரித்தேன், இரண்டு கருகின.

புல்சரிவில் அந்த முட்செடி மறுபடி. சூரியகாந்திக் குடும்பம், டிரைக்கோலெபிஸ் பேரினம். எந்த இனம் என்று நிச்சயமில்லை. ஊதாத் தலை. முள் போல மிரட்டுகிறது, தொட்டால் வெறும் மயிர். தண்ணீர் கொண்டுவரும் பாப்பாயியிடம் ஊர்ப்பெயர் கேட்டேன். தெரியாதென்றாள். விடவில்லை.
"ஊடேறாப் பூவுங்க."
யாரும் வீட்டுக்குள் கொண்டுபோகாத பூ. என்ன பொருத்தம்!

டிச. 6
தாவர நூல் தொகுக்கும் சென்னை அதிகாரிக்குப் பட்டியல் போயிற்று. முப்பத்திரண்டு செடிகள், ஊர்ப்பெயர்களோடு. ஒரு ஊர்ப்பெயராவது புதிதாக இருந்தால் நூலில் சேகரித்தவர் பெயரும் வரும். கணவர் பெயர் ஒட்டாத என் பெயர். நாற்பத்து மூன்று வயதில் வேறென்ன கேட்கிறேன்.
சேந்தமங்கலத்தில் வாங்க: மண்ணெண்ணெய், சாக்கட்டி, தடித்த ஊசி.

டிச. 9
ஊற்றடி. புதரைத் தாண்டுமுன் பெண்கள் குரல்.
"கொடத்த நகத்துடி, ஊடேறாப் பூ வருது."
"காஞ்ச பூவுடி!"
சிரிப்பு. என்னைக் கண்டதும், "வாங்க வாத்தியாரம்மா, வாங்க."

மாலை பாப்பாயியைக் கேட்டேன்.
"அந்தச் செடிக்கேதுங்க பேரு? முள்ளுதான். நீங்க உடாம கேட்டீங்க. புருசன் ஊடு ஏறாதவங்கன்னு உங்களச் சொல்றது, வாயில வந்துருச்சு. கோவிச்சுக்காதீங்க சாமி." உடனே, "தண்ணி எங்க வெக்கட்டுங்க?"

இரண்டு வருடமாக இவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வீட்டில் இன்னொருத்தி ஏறினாள், நான் இறங்கினேன். இதை எந்த ஊற்றடியில் போய்ச் சொல்ல?

டிச. 10
அந்தப் பெயரை நீக்கும்படி சென்னைக்குக் கடிதம் எழுதினேன். மழை. தபால் கீழே போகவில்லை. நாளை அனுப்பலாம்.

டிச. 18
அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டுக்கொள்ளவுமில்லை.

இன்று சென்னையிலிருந்து பதில். முப்பத்தொரு பெயர்கள் ஏற்கெனவே அச்சில் உள்ளவையாம். 'ஊடேறாப் பூ' ஒன்றுதான் புதிது. "மிக அழகான பெயர்." என் பெயரோடு சேர்ப்பார். ஒரே கேள்வி: மக்கள் உண்மையிலேயே அப்படி வழங்குகிறார்களா?

பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் எழுதி உறையை ஒட்டிவிட்டேன்:
ஆம். இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.