பன்னிரண்டு இருபத்தைந்து

ஆவணி 10, செவ்வாய்.

அமராவதிபுதூரில் என் மனைவியின் சித்தப்பா விற்கும் காரைப் பார்த்து வந்தோம். இஞ்சின் கோளாறு விளக்கு எரியவில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வண்டிக் கடிகாரம் 12:25 காட்டியது.

"பேட்டரியக் கழட்டுனீகளா மாமா?"

"முந்தாநாளு காலையில பத்து மணிக்குக் கழட்டி மாட்டுனேன் மாப்ள."

பேட்டரியைக் கழற்றினால் இஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகள் அழிந்து விளக்கு அணைந்துவிடும். சில நாள் ஓட்டிய பிறகுதான் மறுபடி எரியும். கடிகாரமும் பன்னிரண்டிலிருந்து தொடங்கும். அப்படியென்றால் மாட்டி இருபத்தைந்து நிமிடம்தான். காரைக்குடியிலிருந்து "கிளம்பிட்டோம் மாமா" என்று நான் மரியாதைக்குப் போன் செய்தது நாலரைக்கு.

சொந்தத்துக்குள் எப்படிக் கேட்பது? நாலைந்து நாள் கழித்துச் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். இப்போதுதான் அவரே கூப்பிட்டார்.

"எப்ப வந்தாலும் ஒரு போனப் போட்டுட்டு வாங்க மாப்ள."